1.9 கிராம்

மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் நான் வைத்த சாலிசிலிக் அமிலத்தில் பாதிக்கு மேல் நான் தயாரித்தது இல்லை. பாட்டிலில் இருந்து எடுத்துப் போட்டது. இதை வெளியே சொல்ல 15 வருஷம் ஆகியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இதைப் படித்தால் பாதிப் பேர் சிரிப்பார்கள். “இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை?” என்பார்கள். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு மேல்தான் சந்தேகம்.

முதலில் அன்றைக்கு என்ன செய்யச் சொன்னார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் கோடாலித் தைலம் தீர்ந்ததே கிடையாது. சிங்கப்பூரில் இருந்து யார் வந்தாலும் அப்பாயிக்கு அரை டஜன் பாட்டில் வரும். மூட்டுவலி, தலைவலி, சளி, பயணம், துக்க வீடு, எல்லாவற்றுக்கும் அதுதான். கல்லூரி லேபில் முதல் தடவை ஒரு பழுப்பு பாட்டிலின் மூடியைத் திறந்தபோது பின்வரிசை வரை “ஐயோடெக்ஸ்!” என்று கத்தினார்கள். எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. பாட்டிலில் இருந்தது மெத்தில் சாலிசிலேட். வலித்தைலங்களைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த இனிப்பான காரத்தில் பெரும்பங்கு இதனுடையது.

இது ஒரு எஸ்டர். ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும், நடுவில் ஒரு நீர் மூலக்கூறைக் கழற்றிவிட்டுச் சேர்ந்த பொருள். இங்கே அமிலம் சாலிசிலிக், ஆல்கஹால் மெத்தனால். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு கொதிக்கவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும். குடுவையில் 5 கிராம் எஸ்டரை எடுத்துக் காரத்தை ஊற்றியதுமே வெள்ளையாக ஒன்று கட்டிக்கொள்ளும். முதல் தடவை செய்கிறவர்கள் “ஆசிட் வந்துடுச்சு” என்று குதிப்பார்கள். வரவில்லை. அது எஸ்டரின் சோடியம் உப்பு, சூடாக்கினால் கரைந்துவிடும். மேலே கண்டென்சரை மாட்டி, ஆவி குளிர்ந்து திரும்பத் திரும்பக் குடுவைக்கே இறங்குகிற மாதிரி முக்கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். இதற்கு ரிஃப்ளக்ஸ் என்று பெயர். எண்ணெய்த் துளி மறைந்து, தைல வாசனையும் போய்விட்டால் வினை முடிந்தது. சாலிசிலிக் அமிலத்துக்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது.

ஆறவைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவோம். தெளிந்த கரைசல் திடீரென்று தயிர் மாதிரி வெள்ளையாகத் திரளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. புக்னர் புனலில் உறிஞ்சி வடிகட்டி, குளிர்ந்த நீரில் கழுவி, மறுபடி கொதிநீரில் கரைத்து மெதுவாக ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். அழுக்கு நீரிலேயே தங்கிவிடும். மறுபடிகமாக்கல் என்று பாடப்புத்தகம் சொல்லும்.

நீரில் தங்குவது அழுக்கு மட்டும் இல்லை என்பதுதான் இதில் கஷ்டம். 25 டிகிரி செல்சியஸில் 100 மி.லி. நீர் ஏறத்தாழ 0.2 கிராம் சாலிசிலிக் அமிலத்தையும் கரைத்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யச் செய்யப் பொருள் குறையும். 5 கிராம் எஸ்டருக்குக் கணக்குப்படி 4.54 கிராம் அமிலம் வர வேண்டும். அது காகிதத்தில் வருவது. கையில் வந்ததை இதால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது ஈல்டு. எங்களுக்கு மார்க் அந்த எண்ணுக்குத்தான்.

தேர்வு மே மாதம். ஐஸ் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வந்தது. ரிஃப்ளக்ஸ் செய்யும்போது குடுவையில் உடைந்த பீங்கான் சில்லு இரண்டு போட வேண்டும். போடாவிட்டால் கொதி சீராக வராது. அடியில் சூடு தேங்கித் திடீரென்று எகிறும். நான் போட மறந்தேன். எகிறியது. கண்டென்சர் வழியாக மேலேறி மேசையெல்லாம் கொட்டியது. மிச்சத்தை வைத்து ஓட்டினேன். வடிகட்டி உலர்த்தி நிறுத்தபோது 1.6 கிராம்.

பக்கத்து மேசைக்காரிக்கு வேறு சிக்கல். மறுபடிகமாக்கும்போது கரையவில்லை என்று பயந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனாள். அரை லிட்டர் பீக்கர் நிறைந்துவிட்டது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் அந்தத் தண்ணீரே ஒரு கிராமை விழுங்கியிருக்கும். ஐஸ் இல்லாத மே மாதத்தில் இன்னும் அதிகம். அவளுக்கு 1.9 கிராம் வந்தது.

லேப் அட்டெண்டர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“எவ்ளோம்மா தேறும்?”

“ஒன்றரைதாண்ணே இருக்கும்.”

“அலமாரி கீழ்த்தட்டுல பாட்டில் இருக்கு பாரு. அழுவாம போட்டுக்க. எல்லாரும் பண்றதுதான்.”

அவர் சொன்னது இரக்கத்தில்தான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் 2.2 கிராம் எடுத்தேன். ஏன் அந்த அளவு என்றால், ரொம்பப் போட்டு ஈல்டு நூறை நெருங்கினால் சந்தேகம் வரும். பாட்டிலில் இருந்தது பொடி, என்னுடையது ஊசி. அப்படியே கலந்தால் கண்டுபிடித்துவிடலாம். அதனால் இரண்டையும் ஒன்றாகக் கொதிநீரில் கரைத்து மறுபடிகமாக்கினேன். எல்லாம் ஊசியாகவே இறங்கியது. கடைசியில் 3.4 கிராம். 75 சதவீதம். அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்த வேதியியல் வேலை இந்த மோசடிதான் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

வெளியூரில் இருந்து வந்த எக்ஸ்டர்னல் வாட்ச் கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் கரைத்து ஃபெரிக் குளோரைடு சொட்டினார். ஊதா வந்தது. (இந்தச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை: எஸ்டருக்கும் ஊதாதான், அமிலத்துக்கும் ஊதாதான். இரண்டிலும் பினால் தொகுதி இருக்கிறது. ஆக, வினை நடந்ததா இல்லையா என்று அந்த ஊதா சொல்லாது. அன்று எனக்கு அது தெரியாது.) சோடியம் பைகார்பனேட்டில் நுரைத்தது. உருகுநிலை 159 டிகிரி, தயங்காமல் சட்டென்று உருகியது. எல்லாச் சோதனையும் எனக்குச் சாட்சி சொன்னது. பக்கத்து மேசைக்கு 42 சதவீதம். அவள் ரெக்கார்டில் ‘நீர் அதிகமாகச் சேர்க்கப்பட்டதால் இழப்பு’ என்று எழுதியிருந்தாள். அதை அவர் படித்தாரா என்று தெரியவில்லை.

*

கொஞ்ச காலம் இதை நான் ஒரு புதிர் மாதிரி மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். என் வாட்ச் கிளாஸில் இருந்த 3.4 கிராமில் எது என்னுடையது, எது பாட்டிலுடையது? பிரித்துக் காட்ட முடியுமா? முடியாது. எந்தக் கருவியாலும் முடியாது. கலப்படம் என்றால் பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை. ஒரு பொருளில் வேறொரு பொருள். இங்கே வேறொரு பொருளே இல்லை. சாலிசிலிக் அமிலத்தில் சாலிசிலிக் அமிலத்தைக் கலந்தேன். அப்படியானால் பொய் எங்கே இருக்கிறது?

அமிலத்துக்கு ஊர் கிடையாது என்பதை எனக்கு நீலகிரி சொல்லிக்கொடுத்தது. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலம் என்று சின்ன பாட்டிலில் விற்பார்கள். நீலகிரியின் உயரங்களில் வளரும் ஒரு புதரின் இலையை வடித்து எடுப்பது. கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். இந்தச் செடியைப் பழைய புத்தகங்கள் லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரால் குறிக்கின்றன. 1816-இல் புதுச்சேரிக்கு வந்து தென்னிந்தியாவெங்கும் செடி சேகரித்தவர் அவர். எங்கள் ஊரும் அப்போது அதே பிரெஞ்சு நிர்வாகத்தின் கீழ் இருந்த ஊர் என்பதால் எனக்கு ஒரு சொந்தம் தோன்றும், அவ்வளவுதான்.

1870களின் தொடக்கத்தில் ப்ரௌட்டன் என்று ஒருவர் நீலகிரியில் மதராஸ் அரசின் குவினாலஜிஸ்டாக இருந்தார். சின்கோனா பட்டையில் இருந்து குவினைன் எடுப்பதைக் கவனிக்கிற வேலை. அவர் இந்த இலைத் தைலத்தையும் ஆராய்ந்தார். இதில் இருந்து சாலிசிலிக் அமிலம் எடுக்கலாம், அதைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கினால் கார்பாலிக் அமிலமும், அதாவது பினாலும் கிடைக்கும் என்று அரசுக்குச் சொன்னார். காயங்களுக்குக் கிருமிநாசினியாகக் கார்பாலிக் அமிலம் பெயர் எடுத்துக்கொண்டிருந்த காலம். ஆனால் நிலக்கரித் தாரில் இருந்து வருவது மலிவு. நீலகிரி யோசனை அப்படியே நின்றது. 1874-இல் ஜெர்மனியில் கோல்பே அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தார். பினாலில் இருந்து சாலிசிலிக் அமிலத்தைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் முறை வந்துவிட்டது.

வந்ததும் டாக்டர்களிடையே ஒரு சண்டை தொடங்கியது. இலையில் இருந்து எடுத்த ‘இயற்கை’ அமிலம் உடம்புக்கு நல்லது, தாரில் இருந்து வந்தது கெடுதல் என்று ஒரு கட்சி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை இது ஓடியது. செயற்கை அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த கிரெசோடிக் அமிலங்கள் மாதிரியான கலப்புகள்தான் பிரச்சினை என்று ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நன்றாகத் தூய்மைப்படுத்திவிட்டால் இலையும் தாரும் ஒன்றுதான். இன்றைக்கு கார்பன்-14 அளந்து தாவரமா பெட்ரோலியமா என்று சொல்லிவிடலாம் என்று யாராவது திருத்துவார்கள். சரிதான். ஆனால் நான் தயாரித்ததா கடையில் வாங்கியதா என்று அதுவும் சொல்லாது.

ஒரு பொருளைத் தூய்மைப்படுத்துவது என்றால் அது எங்கிருந்து வந்தது என்ற தடயத்தை அழிப்பது. இலையின் பச்சை போகிறது, தாரின் கறுப்பு போகிறது, செய்தவரின் கை அழுக்கு போகிறது. நான் என் பொய்யை மறைக்கக் கையாண்டதும் அதே மறுபடிகமாக்கல்தான். முறை குற்றமற்றது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

பொய் வாட்ச் கிளாஸில் இல்லை என்றால் ரெக்கார்டு நோட்டில்தான் இருக்க வேண்டும். அன்று நான் சமர்ப்பித்தது அமிலமா? அந்த 3.4 கிராமை வைத்துக் கல்லூரி என்ன செய்யும்? சாயங்காலம் சிங்க்கில் கொட்டிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ‘5 கிராமில் தொடங்கினேன், 3.4 கிராமில் முடித்தேன்’ என்ற வாக்கியம். ஈல்டு என்பது பொருளின் குணம் இல்லை. உருகுநிலையை யாரும் மறுபடி அளந்து பார்க்கலாம். ஈல்டை அளக்க முடியாது. செய்தவர் சொல்ல வேண்டும், மற்றவர் நம்ப வேண்டும்.

வேதியியலாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1921-இல் தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கும் ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ என்ற வெளியீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் அனுப்பும் தயாரிப்பு முறையை, ஆசிரியர் குழுவில் உள்ள இன்னொருவரின் ஆய்வகத்தில் அப்படியே செய்து பார்த்து, வந்தால்தான் அச்சிடுவார்கள். செய்து பார்த்தவர்களின் பெயரும் கூடவே வரும். இவ்வளவு மெனக்கெடக் காரணம் எளிது: எல்லோருக்கும் எல்லோரையும் பற்றிச் சந்தேகம். 2010-இல் கனடாவைச் சேர்ந்த இரண்டு பேர் ‘சின்லெட்’ இதழில் ஒரு வேடிக்கையான வேலையைப் பதிவு செய்தார்கள். வினை எதுவும் செய்யாமல், ஏற்கெனவே சுத்தமான பொருளை நிறுத்து எடுத்து, வடிகட்டுவது, கரைப்பானில் பிரிப்பது, ஆவியாக்குவது என்று வழக்கமான படிகளில் வெறுமனே ஓட்டி, மறுபடி நிறுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தொலைந்தது. ஆக, ஆய்வுக் கட்டுரைகளில் சர்வசாதாரணமாக வரும் நூறை ஒட்டிய ஈல்டுகள் எப்படிச் சாத்தியம் என்று கேட்டார்கள். பெரிய ஆய்வகங்களிலும் ஒரு கீழ்த்தட்டு அலமாரி இருக்கிறது போல. அதைப் படித்தபோது எனக்கு வந்தது ஆறுதல். அப்படி வந்ததற்காக இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

*

சரி, பொய் சொன்னேன். யாருக்கு என்ன கெட்டது?

இதுதான் என் கடைசித் தற்காப்பு. ரொம்ப நாள் தாங்கியது. வள்ளுவரே வாய்மைக்கு அளவுகோலாகத் தீங்கின்மையைத்தான் வைக்கிறார், குற்றமற்ற நன்மை தந்தால் பொய்யையும் வாய்மையின் பக்கத்தில் உட்காரவைக்கிறார். என் 75 சதவீதத்தால் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அது மருந்தாகி யார் வயிற்றுக்கும் போகவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ‘இதெல்லாம் உன்னுடையதா?’ என்று யாரும் கேட்கவில்லை. வாட்ச் கிளாஸை வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

சும்மா நிற்பதைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. காரைக்காலில் பிறந்தவர்கள் இதைச் சோற்றோடு சேர்த்துத் தின்றவர்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வணிகன் பரமதத்தன் கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். மனைவி புனிதவதி அதில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு வைத்துவிடுகிறார். மதியம் கணவன் சாப்பிட வருகிறான். இருந்த பழத்தை வைக்கிறார். ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் கொண்டுவா என்கிறான். உள்ளே போய் இறைவனை வேண்டுகிறார். கையில் ஒரு பழம் வருகிறது. கொண்டுவந்து இலையில் வைக்கிறார். அதன் ருசி வேறாக இருக்கவே, இது எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். அவர் தயங்கி, பிறகு நடந்ததைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது. பயந்துபோகிறான். பிறகு கப்பலேறிப் போய்விடுகிறான். அவர் காரைக்கால் அம்மையார் ஆகிறார். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதை.

நான் சிறுமியாக இருந்தபோது இதில் எனக்கு வியப்பாக இருந்தது பழம் வந்தது. இப்போது வியப்பாக இருப்பது, பழத்தை இலையில் வைத்ததற்கும் அவன் கேட்டதற்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். அவர் எதுவும் சொல்லவில்லை. ‘இது நீங்கள் அனுப்பிய பழம்’ என்று சொல்லவே இல்லை. ஆனால் கேட்ட இடத்தில் கேட்டதை வைத்தால் அந்த வைப்பே ஒரு வாக்கியம் ஆகிவிடுகிறது. அவர் அகப்பட்டுக்கொண்டது பழம் மட்டமாக இருந்ததால் இல்லை. அளவுக்கு மீறி நன்றாக இருந்ததால். கேட்டபோது அவர் பட்ட அவஸ்தையைச் சேக்கிழார் கவனமாகச் சொல்கிறார். இறைவன் அருளை வெளியே சொல்வதும் தகாது, கணவனிடம் மறைப்பதும் தகாது. சொல்லிவிடுவது என்று முடிவெடுக்கிறார். பரமதத்தனை எல்லோரும் சந்தேகக்காரன் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அவன் மேல் ஒரு மரியாதை உண்டு. ருசி வேறு என்று அவனுக்குத் தெரிந்தது, கேட்டான், இன்னொரு முறை செய்துகாட்டு என்றான். ‘ஆர்கானிக் சிந்தசிஸ்’ ஆசிரியர் குழுவும் அதைத்தான் கேட்கிறது.

என் கதையில் இரண்டாவது பழம் முதல் பழத்தின் ருசியிலேயே இருந்தது. அதனால் எனக்குக் கேள்வி வரவில்லை.

*

ஆனி பௌர்ணமியை ஒட்டி எங்கள் ஊரில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது இரண்டு பக்கமும் மொட்டைமாடிகளில் இருந்து ஜனங்கள் மாம்பழத்தை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். தலையில் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. போன ஆனியில் அந்தக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரி. புதுச்சேரியில் இருந்து பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலில் வேலை. கூட்டத்தில் இருந்து ஒதுங்கி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். பையன் பிடித்த பழத்தைக் கழுவாமலே தின்றுகொண்டிருந்தான்.

பேச்சு எப்படியோ லேபுக்குப் போனது. நான் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். “அந்த எக்ஸாம்ல நான் பாட்டில்லேர்ந்து எடுத்துப் போட்டேன்டி, தெரியுமா?”

அவள் சிரிக்கவில்லை.

“உனக்கு அன்னைக்கு எழுபத்தஞ்சு பர்சென்ட்டு.”

“ஆமா.”

“நெஜமா எவ்ளோ வந்துச்சு?”

“ஒன்னு புள்ளி ஆறு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “என்னைவிடக் கம்மிடி,” என்றாள். பிறகு, “எல்லாருமே போட்டாங்களா?”

“தெரியல. ‘எல்லாரும் பண்றதுதான்’னு அண்ணன் சொன்னாரு.”

“நான் எம்.எஸ்சி.க்கு ஏன் ஆர்கானிக் எடுக்கலன்னு உனக்குத் தெரியுமா? எனக்குக் கை வராதுன்னு நெனச்சேன். எல்லாருக்கும் எழுபது, எழுபத்தஞ்சு. எனக்கு மட்டும் நாப்பத்தி ரெண்டு. அன்னைக்கு நீ வந்து எவ்ளோன்னு கேட்ட. ஒன்னு புள்ளி ஒன்பதுன்னேன். ‘அவ்வளவுதானா’ன்ன. ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நான் அப்படிக் கேட்டிருப்பேன். கையில் 3.4 கிராம் வைத்திருந்தவள் அப்படித்தான் கேட்பாள்.

“அந்த ரூம்ல எனக்குத்தான் அதிகமா வந்துச்சோ என்னமோ,” என்றாள். அது கோபமா கிண்டலா என்று பிரிக்க முடியவில்லை. பையனுக்கு வாய் துடைத்துவிட்டுக் கிளம்பினாள். போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். நான் இரண்டு தடவை மெசேஜ் அனுப்பினேன். ஒரு தடவை பதில் வந்தது.

அவள் சொன்னது உண்மையா என்று கண்டுபிடிக்க இனி வழி இல்லை. அன்று அந்த அறையில் யாருக்கு எவ்வளவு வந்தது என்ற தகவல் எந்த நோட்டிலும் கிடையாது. மே மாதத்தில், ஐஸ் இல்லாமல், குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும் ஒரு லேபில், இருபத்தோரு வயசுக் கைகளுக்கு இந்த வினையில் எவ்வளவு தேறும்? நாற்பது சதவீதம் நல்ல ஈல்டாகக்கூட இருக்கலாம். அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ரெக்கார்டு அவளுடையது. காரணத்தோடு எழுதியிருந்தாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தப்பான விடை ஆக்கிவிட்டோம்.

1785-இல் கான்ட் பொய்யான வாக்குறுதியைப் பற்றி ஒரு வாதம் வைத்தார். எல்லோரும் பொய் வாக்குறுதி கொடுக்கத் தொடங்கினால் வாக்குறுதி என்ற வழக்கமே அர்த்தம் இழந்துவிடும், யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே அந்தப் பொய் தன்னைத்தானே தோற்கடித்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். படிக்கும்போது கச்சிதமாக இருக்கிறது. ஆனால் எங்கள் லேபில் அப்படி நடக்கவில்லை. பெரும்பாலோர் போட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈல்டு அர்த்தம் இழந்ததா? இல்லையே. மார்க் போட்டார்கள், ரேங்க் வந்தது, அதை வைத்து அடுத்த வருஷம் சீட் கிடைத்தது. பொய் எல்லோருக்கும் பொதுவானதும் இடிந்து விழவில்லை, அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோலில் தோற்றவள் உண்மையான எண்ணை எழுதினவள் மட்டும். கான்ட்டுக்கு எங்கள் அட்டெண்டர் அண்ணனைப் பழக்கம் இல்லை.

என் பொய் எக்ஸ்டர்னலை ஏமாற்றியது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவருக்குத் தெரிந்தே இருக்கலாம். எனக்குப் பக்கத்தில் நின்றவளிடம் அவள் கையைப் பற்றி அது ஒரு பொய் சொன்னது. அவள் நம்பினாள். ஏனென்றால் அவள் உண்மையை எழுதியிருந்தாள், மற்றவர்களும் எழுதியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

*

நான் இப்போது பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். தரம்பார்த்தல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் முதல் கேள்வி, “மிஸ், எவ்ளோ வரணும்?” என்ன வந்தது என்று கேட்கிற பிள்ளை அபூர்வம். முன்னெல்லாம் நானே சொல்லிவிடுவேன். இருபதுக்குப் பக்கத்தில் வரணும் என்பேன். அதுவும் இரக்கத்தில்தான்.

போன மாதம் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். முதல் மேசையில் 20.2 வந்தது. கால் மணி நேரத்தில் அறை முழுக்க 20.2. கடைசி மேசைப் பெண் மட்டும் நோட்டை நீட்டவில்லை. போய்ப் பார்த்தேன். 21.4 என்று பென்சிலில் எழுதியிருந்தாள். கீழே இன்னொரு 21.4.

“ரெண்டு தடவையும் இதான் மிஸ் வருது.”

பெர்மாங்கனேட் கருஞ்சிவப்பு, அடி வளைவு தெரியாது, மேல் மட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதைச் சரியாகப் பார்த்தாளா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். பிங்க் நிறம் வந்ததுமே நிறுத்தினாயா என்றேன். நிறுத்தினேன் என்றாள். பிப்பெட்டை எதில் அலசினாள் என்று கேட்கும்போதே எனக்கு அந்தக் கரைசலை நான் கலக்கிய அவசரம் ஞாபகம் வந்தது. அந்த 20 எவ்வளவு நிச்சயம் என்று யோசித்தேன்.

“எதை மிஸ் எழுதணும்?”

“உனக்கு வந்ததை எழுது.”

“மார்க் போவுமா?”

“போகலாம்.”

“எவ்ளோ மிஸ் போவும்?”

தேர்வில் எத்தனை போகும் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் மற்ற மேசைகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பியூரெட்டைக் காலி செய்து, அலசி, மூன்றாவது தடவைக்கு நிரப்ப ஆரம்பித்தாள். மணி அடித்துவிட்டது. நான் அடுத்த வகுப்பு டீச்சரிடம் போய்ப் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு வந்தேன்.